உறைந்த எலியும் உறங்காத கிருமியும்

வன்னியில், அக்கராயனில் காசு கொடுத்துப் பாம்புக்கு எலி வாங்குகிறவர் எவரும் இல்லை. குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களில் காலபோக நெல் குடலைப் பருவத்துக்கு வந்தாலே எலி வந்துவிடும். எலியைத் தேடிச் சாரை வரும். அதே வழியில் நாகமும் புடையனும் வரும். "சாரையை அடிக்காதை தம்பி, பிறகு எலியை ஆர் பிடிக்கிறது?" என்று வயதான கமக்காரர்கள் இளையவர்களை மறிப்பது இதனால்தான். இங்கே பாம்பின் சாப்பாடு வரம்பு வளைக்குள் உயிரோடும் சூட்டோடும் இருக்கிறது. அதை எடுத்துச் சேமித்து வைக்கவேண்டிய தேவை ஒருவருக்கும் இல்லை.

பிடித்து வளர்க்க நினைத்தாலும் சட்டம் விடாது. 1937ஆம் ஆண்டின் வன சீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், பின்னால் வந்த திருத்தங்களோடு சேர்ந்து, வெங்கிணாந்தி உட்பட இலங்கையின் பெரும்பாலான ஊர்வனவற்றுக்குக் காவலாக நிற்கிறது. 

ஆனால் இதே அக்கராயன் பக்கத்திலிருந்து போய் லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்கிற குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாம்பு வேறு மாதிரி அறிமுகமாகிறது. செல்லப்பிராணிக் கடைக்குப் போனால் மேற்கு ஆபிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பு கண்ணாடிப் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும். கடையின் மூலையில் ஒரு பிரீசர். அதற்குள் பொலித்தீன் பைகளில் அளவுவாரியாக எலிகள். மயிர் முளைக்காத சிவந்த குஞ்சு 'பிங்கி'. பஞ்சுமயிர் வந்தது 'ஃபஸ்ஸி'. துள்ளி ஓடும் வயதுக் குஞ்சு 'ஹொப்பர்'. அதற்கு மேல் வளர்ந்த எலிகள். சென்னையிலும் இது புதிதல்ல. அங்கே விமான நிலையத்தில் கடத்திவரப்படும் பந்து மலைப்பாம்புகள் அடிக்கடி பிடிபடுகின்றன. வீட்டில் வைத்திருக்கும் அயல்நாட்டு உயிரினங்களைப் பதிவுசெய்யவென 2024இல் இந்திய அரசு தனியாக விதிகளே வெளியிட்டது. பாம்பு போகும் இடமெல்லாம் அதற்கான எலிப்பையும் போகிறது. அந்தப் பை போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் வீட்டுப் பிரீசர்தான்.

நம்மவர் வீட்டுப் பிரீசரைத் திறந்து பார்த்தவர்களுக்கு அதற்குள் என்ன இருக்கும் என்று தெரியும். துருவிய தேங்காய், துண்டாக்கிய அறுக்குளா, நண்டு, முருங்கைக்காய். அந்த வரிசையில் ஒரு பை எலியும் சேர்ந்தால் என்ன ஆகும்? அம்மா சத்தம் போடுவார் என்பது ஒரு விடை. அவர் சொல்லும் காரணம் அருவருப்பு. அறிவியல் சொல்லும் காரணம் வேறு. ஆனாலும் இந்த விடயத்தில் அம்மாவின் முடிவுதான் சரி.

உயிருள்ள எலியையே கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். வயலில் எலிக்கு ஓட வழி உண்டு, பாம்புக்கு ஒதுங்க இடம் உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டுமே இல்லை. பசியில்லாத பாம்போடு ஓரிரவு அடைபட்ட எலி பாம்பின் முதுகை எலும்பு தெரியக் கடித்துவிடும். எலியின் வேதனையும் கணக்கில் வரவேண்டியதே. ஆகவே பண்ணைகளில் எலிகளைக் காபனீரொட்சைட்டு வாயுவால் மயக்கிக் கொன்று, உடனே உறையவைத்து விற்கிறார்கள். உறைநிலை பல ஒட்டுண்ணிப் புழுக்களையும் உண்ணிகளையும் கொன்றுவிடுவது இன்னொரு நன்மை. இதுவரைக்கும் எல்லாம் ஒழுங்கு. சிக்கல் தொடங்குவது, உறைந்தது என்றால் சுத்தமானது என்று நினைக்கும் இடத்தில்.

உறையவைத்தல் என்றால் என்ன? குளிரவைத்தல் என்பது பாதி விடைதான். மீதிப் பாதி வன்னிக்கு நன்றாகத் தெரிந்தது: வற்றலும் கருவாடும். வேட்டை இறைச்சியைக் கீறி உப்பிட்டு வெயிலில் போடும்போது நாம் அதிலிருந்து எடுப்பது நீரை. கிருமிக்கு உணவு இருந்தால் மட்டும் போதாது, அதைக் கரைத்து உறிஞ்சக் கட்டில்லாத நீர் வேண்டும். ஒரு பொருளில் அப்படிப்பட்ட நீர் எவ்வளவு கிடைக்கிறது என்பதை 'நீர்ச் செயற்பாடு' என்று அளக்கிறார்கள். தூய நீருக்கு அது 1. பச்சை இறைச்சிக்கு ஏறத்தாழ 0.99. நன்றாக உப்பேறிக் காய்ந்த கருவாட்டில் 0.75 அளவுக்கு இறங்கிவிடும். சல்மொனெல்லா என்ற பற்றீரியா பெருக 0.94ஆவது வேண்டும், அதனால்தான் கருவாடு மாதக்கணக்கில் நிற்கிறது.

இப்போது பிரீசருக்கு வருவோம். −18 பாகை செல்சியஸில் எலியின் உடலிலுள்ள நீரில் பெரும்பகுதி பனிக்கட்டியாகிவிடுகிறது. பனிக்கட்டியில் இருக்கிற நீர் கிருமிக்கு இல்லாத நீர். அந்த வெப்பநிலையில் பனிக்கட்டியின் நீர்ச் செயற்பாட்டைக் கணக்கிட்டால் 0.84 வருகிறது. ஆக, பிரீசருக்குள் எலி குளிர்ந்து மட்டும் கிடக்கவில்லை, ஒருவகையில் காய்ந்தும் கிடக்கிறது. வெயிலில் காயும் கருவாட்டில் நீர் வெளியேறிவிடுகிறது. பிரீசரில் அது வெளியேறாமல் உள்ளேயே பூட்டப்படுகிறது. வேறுபாடு இந்த ஒன்றுதான், ஆனால் மிகப் பெரிய வேறுபாடு. பூட்டைத் திறந்தால் அதே நீர் அதே இடத்தில், அதே கிருமிக்குப் பக்கத்தில் திரும்ப வந்துவிடும்.

கிருமி சாகவில்லையா என்றால், சிலது சாகும், பலது சாகாது. பனிப்படிகம் குத்தியும் உள்ளே உப்பு செறிந்தும் ஒரு பங்கு அழியும். மீதி தாகத்தோடு காத்திருக்கும். நுண்ணுயிரியல் ஆய்வுகூடங்களில் பற்றீரியா வகைகளைப் பல ஆண்டுகள் உயிரோடு வைத்திருக்க என்ன செய்கிறார்கள் தெரியுமா? கிளிசரோல் கலந்து −80 பாகையில் உறையவைக்கிறார்கள். கிருமியைப் பாதுகாக்க விஞ்ஞானிகள் நம்புகிற அதே முறையைக் கிருமியைக் கொல்லும் என்று நாம் வீட்டில் நம்புகிறோம்.

இதன் விலையைப் பிரித்தானியா இரண்டு முறை கொடுத்தது. 2008, 2009இல் சல்மொனெல்லாவின் ஒரு குறிப்பிட்ட வகை நாடு முழுவதும் சிதறலாகத் தோன்றியது. நோயாளிகளில் சிறுவர் அதிகம். பொதுவான உணவகமோ கடைச் சாப்பாடோ அகப்படவில்லை. வீட்டில் பாம்போ பல்லியோ இருந்ததுதான் ஒற்றுமை. தேடிப்போனதில் அமெரிக்காவிலிருந்து வந்த உறைந்த எலிகளில் அந்தக் கிருமி இருந்தது. 2010இல் அமெரிக்காவிலும் அதே மூலத்திலிருந்து நோய் பரவி, எலிகளை விற்பனையாளர் மீளப்பெற நேர்ந்தது. பிறகு 2015இலிருந்து இன்னொரு அலை. இம்முறை லித்துவேனியாவிலிருந்து இறக்குமதியான எலிகள். 2021 முடிவதற்குள் பிரித்தானியாவில் 850க்கும் மேற்பட்டோர் நோயுற்றிருந்தனர். ஆண்டுக்கு நூறு, நூற்றைம்பது பேர் அங்கொன்றும் இங்கொன்றுமாக வயிற்றோட்டத்தோடு வைத்தியரிடம் போனால் அது ஒரே நோய்ப் பரவல் என்று யாருக்குத் தெரியும்? நோயாளிகளின் மாதிரிகளில் கிடைத்த கிருமிகளின் முழு மரபணுத்தொகுதியையும் வழக்கமாகவே வரிசைப்படுத்தத் தொடங்கியிருந்ததால்தான் இந்தச் சிதறல்களுக்கிடையே உறவு தெரிந்தது.

அந்த நோயாளிகளில் பலர் எலியைத் தொட்டிருக்கவே தேவையில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியில் எலியை இளக வைத்திருப்பார்கள். அதே தொட்டியில் பிறகு கீரை அலசியிருப்பார்கள். எலியைத் தின்ற பாம்பு அடுத்த வாரம் போடும் எச்சத்திலும் அதே கிருமி வரும். பாம்பு அதனால் பெரும்பாலும் நோயுறுவதில்லை, குடலில் வைத்துக்கொண்டு திரியும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையும் கர்ப்பிணியும் நீரிழிவுக்கார முதியவரும் இருக்கும் வீட்டில் இது விளையாட்டில்லை. எலிக்கென்று தனிப் பிரீசர் வைக்கவேண்டும், அல்லது மூடி இறுகிய தனிப் பெட்டியில் உணவுக்குக் கீழ்த்தட்டில் வைக்கவேண்டும் என்று சுகாதாரத் துறைகள் சொல்வதில் முதல் வழியே எனக்குப் பிடித்தது. பெட்டி கசியும், மூடி உடையும். தனிப் பிரீசருக்கு அந்தக் கவலை இல்லை.

ஏன் எலியில் மட்டும் இவ்வளவு பயம், கோழியை நாம் அதே பிரீசரில்தானே வைக்கிறோம்? கோழியின் குடல் எடுக்கப்பட்டிருக்கும். பாம்புக்குப் போகும் எலி முழு எலி. எலும்பில் கல்சியம், ஈரலில் விற்றமின், குடலில் அரைகுறையாகச் செமித்த தானியம் என்று முழு உடலும் சேர்ந்தால்தான் பாம்புக்கு அது சமச்சீர் உணவு. ஆகவே குடலோடுதான் உறையவேண்டும். இங்கேதான் வேகம் முக்கியமாகிறது. எலி செத்தவுடன் குடலுக்குள் இருக்கும் பற்றீரியாவும் நொதியங்களும் வேலையைத் தொடங்கிவிடும். நடு வயிறு உறையும்வரை அவற்றுக்கு நேரம் கிடைக்கிறது. 1913இல் ஜேர்மன் பொறியியலாளர் ருடோல்ஃப் பிளாங்க் உறையும் நேரத்துக்கு எழுதிய சமன்பாட்டில், தடிப்பு கூடக்கூட நேரம் அதன் வர்க்கத்தை நோக்கிப் போகிறது. தடிப்பு இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கை நெருங்கலாம். போதாததற்கு எலியின் மயிர் குளிருக்குப் போர்வை. ஐம்பது எலியை ஒரு பையில் குவித்துப் போட்டால் நடுவில் இருப்பது உறைய ஒரு நாள் பிடிக்கலாம். பரப்பி, ஒற்றை அடுக்காக வைத்து, உறைந்தபின் பையில் சேர்ப்பதற்குக் காரணம் இதுதான். மெல்ல உறைந்தால் பனிப்படிகங்களும் பெரிதாக வளர்ந்து கலமென்சவ்வுகளைக் கிழிக்கும்; இளகும்போது அந்த எலி சாறு வடிந்து தொய்ந்து போகும். இதே காரணத்தை மீனில் கண்டுகொண்டு 1920களில் வேக உறைவைத் தொழிலாக்கியவர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ. லப்ரடோரின் கடுங்குளிரில் பிடித்த மீன் நொடியில் உறைந்து, பிறகு சமைத்தபோது புதிதுபோல இருந்ததை அவர் கண்டிருந்தார்.

கிருமி நின்றாலும் வேதியியல் நிற்பதில்லை. −18 பாகையிலும் கொழுப்பு மெல்ல மெல்ல ஒட்சிசனோடு சேர்ந்து ஊசிப்போகும். அதைத் தடுக்கும் முயற்சியில் விற்றமின் ஈ தீர்ந்துபோகும். கொழுத்த பெரிய எலியில் இது வேகமாக நடக்கும். அதனால்தான் பையில் திகதி எழுதுவது பழக்கமாக வேண்டும், காற்றை அமுக்கி வெளியேற்றிக் கட்டவேண்டும், ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருப்பதைத் தவிர்க்கவேண்டும். மீன் தின்னும் பாம்புகளுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. சில மீன்களில் தயமின் என்ற விற்றமினை உடைக்கும் நொதியம் இருக்கிறது. உறைந்து கிடக்கும் காலத்தில் அது விற்றமினைத் தின்றுவிடும். அதையே சாப்பிட்டு வளர்ந்த பாம்பு தலை தூக்க முடியாமல் வலிப்பு வந்து சாகும்.

எலியை இளக வைக்கும் வேலையில்தான் மக்கள் அதிகம் சறுக்குகிறார்கள். முதல் நாள் இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூடிய பெட்டிக்குள் வைத்து ஆறுதலாக இளக விடவேண்டும். கொடுப்பதற்குச் சற்று முன் பையோடு வெந்நீரில் போட்டு எலியின் சூடு வரச்செய்யலாம். மலைப்பாம்பின் உதட்டோரக் குழிகள் வெப்பக் கதிர்களை உணர்வன. குளிர்ந்த எலி அதற்கு எலியாகத் தெரியாது. மைக்ரோவேவில் போட்டால் ஓரிடம் வேகும், ஓரிடம் பனியாகவே இருக்கும். வயிறு வெடித்தால் அந்தப் பெட்டியை உணவுக்குத் திரும்பப் பாவிக்க மனம் வராது. மேசையில் போட்டுவிட்டு வேலைக்குப் போவது எல்லாவற்றிலும் மோசம். அக்கராயனின் பங்குனி வெயிலில், முப்பது பாகை தாண்டிய அறையில், அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும் கிருமி ஆறு மணி நேரத்தில் ஒன்று 4096 ஆகும். லண்டன் குளிர்காலத்தில் சூடாக்கி வைத்த வீட்டில் இந்தப் பெருக்கம் மெதுவாகும், ஆனால் நிற்காது.

பாம்பின் வயிற்றுக்குள்ளும் இதே போட்டிதான். பர்மிய மலைப்பாம்பு பெரிய இரையை விழுங்கியதும் அதன் உடற்செயல் வேகம் ஓய்வில் இருந்ததைவிட நாற்பது மடங்குக்கும் மேல் உயரலாம் என்று ஆய்வாளர்களான ஸ்டீபன் சீக்கரும் ஜாரெட் டயமண்டும் 1998இல் காட்டினார்கள். குடல் பருக்கும், இதயமும் பெருக்கும். இது நடக்க வெளிச்சூடு வேண்டும். பாம்பின் பெட்டி குளிர்ந்துபோனால் செமிபாடு நின்று, எலி உள்ளேயே அழுகத் தொடங்கும்; பாம்பு அதைக் கக்கிவிடும். பனிக்கட்டியிலிருந்து வந்த உணவைச் சூட்டில் வைத்தே முடிக்கவேண்டும்.

வன்னியில் இதைப் பற்றிப் பேசும்போது மின்சாரத்தை விட்டுவிட முடியாது. போர்க்காலத்தின் பெரும்பகுதியில் இங்கே தேசிய மின்வலையமைப்பின் மின்சாரம் இல்லை. மீனுக்கு ஐஸ் கிடைப்பதே அருமை. போர் முடிந்து மின்கம்பம் வந்து, கடைகளில் பிரீசர்கள் பெருகிய பிறகு 2022 வந்தது. அந்த ஆண்டு மார்ச் 31ஆம் நாள் நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு. பிரீசருக்குள் இருந்தது தப்புமா தப்பாதா என்பதைத் தீர்மானித்தது அது எவ்வளவு நிறைந்திருந்தது என்பதுதான். ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோயூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தால் அதே அளவு நீரைப் பூச்சியத்திலிருந்து 80 பாகை வரை சூடாக்கலாம். ஆகவே நிறைந்த பிரீசர் கதவு திறக்காமல் இருந்தால் இரண்டு நாள் வரை தாக்குப்பிடிக்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். காலி இடத்தில் தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பி வைத்த கடைக்காரர்கள் பாடப்புத்தகம் பார்த்துச் செய்யவில்லை, ஆனால் சரியாகச் செய்தார்கள். இளகியது எலியோ மீனோ, உள்ளே பனிப்படிகம் இன்னும் நறுநறுக்கும்போதே கரண்ட் வந்தால் காப்பாற்றலாம். முழுதாக இளகிச் சூடேறியதைத் திரும்ப உறையவைப்பது பெருகிவிட்ட கிருமிகளைப் பத்திரப்படுத்துவதாகத்தான் முடியும்.

வயல் எலியைப் பிடித்து உறையவைத்தால் என்ன என்ற கேள்வி இனி எழாது என்று நினைக்கிறேன், எழுந்தாலும் விடை ஒன்றுதான். வயல் எலியின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். 2024 டிசம்பரில், வெள்ளத்துக்குப் பின், யாழ்ப்பாணத்தில் அந்த நோய் உயிர்களைப் பறித்ததை வடக்கில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கமக்காரருக்குச் சுகாதாரப் பரிசோதகர்கள் டொக்சிசைக்கிளின் மாத்திரை கொடுப்பதும் அதற்காகத்தான். அதைவிடப் பெரிய ஆபத்து எலி நஞ்சு. குருதி உறையாமல் செய்யும் நஞ்சைத் தின்ற எலி சாக நாட்கள் எடுக்கும். அதுவரை அது தள்ளாடித் திரியும், இலகுவாகப் பிடிபடும். நஞ்சு அதன் ஈரலில் தங்கியிருக்கும். எந்தப் பிரீசரும் அதை அகற்றாது.

பிரீசரில் நீண்ட நாள் கிடந்த எலியின் காதும் வாலும் வெளிறிச் சுருங்கிப் போயிருப்பதைக் காணலாம். பனிக்கட்டி உருகாமலே நேராக ஆவியாகிப் போனதன் அடையாளம் அது. பதங்கமாதல் என்று பாடசாலையில் கற்பூரத்தை வைத்துப் படித்த அதே நிகழ்வு. எலியில் அது சேதம். ஆனால் அதே நிகழ்வை வெற்றிடத்துக்குள் கட்டுப்படுத்தி நடத்தினால் அது மருந்தாகிறது. இலங்கையில் பாம்புக்கடிக்குக் கொடுக்கும் நஞ்சுமுறி இந்தியாவிலிருந்து வருவது. அதற்கான நஞ்சைச் சேகரிப்பதில் மாமல்லபுரம் பக்கத்தில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்குண்டு. அந்த நஞ்சு ஏற்றப்பட்ட குதிரையின் குருதியிலிருந்து பிரித்த எதிர்ப்புரதக் கரைசலை உறையவைத்து, அதன் பனிக்கட்டியை உருகவிடாமலே ஆவியாக்கி எடுத்துவிட்டால் எஞ்சுவது வெள்ளைத் தூள். நீர் பூட்டப்படவில்லை, போயே போய்விட்டது. ஆகவே அந்தக் குப்பிக்குப் பிரீசரும் வேண்டாம், மின்வெட்டுப் பயமும் குறைவு. தூரத்துக் கிராமிய வைத்தியசாலையின் அலுமாரியில் அது இருக்கமுடிவது இதனால்தான்.

2012, 2013இல் நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பின்படி இலங்கையில் ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது, 400க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். இந்தியாவில் தயாரான நஞ்சுமுறி இலங்கைப் புடையனுக்கு எதிராக வேலை செய்கிறது. ஆனால் இங்கே அதிகம் கடிக்கும் குழிவிரியனுக்கு அதில் மருந்தில்லை. பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவர்கள் கொஸ்தாரிக்காவின் ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து இலங்கைப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டே நஞ்சுமுறி செய்ய முயன்றது இந்தக் குறையைப் போக்கத்தான்.

கார்த்திகை மாதத்தில் வரம்பில் புடையன் தீண்டிய கமக்காரர் வைத்தியசாலைக்கு வந்து, குருதி உறையவில்லை என்று உறுதியானால், தாதி ஒவ்வொரு குப்பிக்குள்ளும் 10 மில்லிலீற்றர் தொற்றுநீக்கிய நீரை ஏற்றி மெதுவாக உருட்டிக் கரைப்பார். குலுக்கினால் நுரைத்துப் புரதம் கெடும். 20 குப்பிகள் வரை இப்படிக் கரையவேண்டும் என்பதால் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் கைகளுக்குள் குப்பிகளை வைத்து உருட்டுவதும் உண்டு. கரைத்ததை உடனேயே நாளத்துக்குள் ஏற்றிவிடவேண்டும். நீர் சேர்ந்த குப்பியை நாளைக்கு என்று எடுத்து வைக்க முடியாது.